பின்னாடி பத்திரம், பாஸ்!



கையில் ஒரு பழைய கார் வந்துடுச்சுன்னா நம்ம பசங்க எங்கேயிருந்து ஆரம்பிப்பாங்க தெரியுமா? முதல்ல ஸ்டீரியோ. அப்புறம் அலாய் வீல். அதுக்கப்புறம் ஊரையே எழுப்புற மாதிரி ஒரு சைலன்ஸர். இவ்வளவும் முடிஞ்சு பர்ஸில் ஏதாவது மிச்சம் இருந்தா, 'பின்பக்கம் கொஞ்சம் இறக்கிட்டா செம கெத்தா இருக்கும்ல?' என்று ஒரு கடைசி ஆசை எட்டிப் பார்க்கும்.

இந்த வாரம் அந்தக் கடைசி ஆசையைப் பற்றித்தான் பேசப்போறோம். அந்த ஆசை சில வருஷங்களுக்கு முன்னாடி என் சித்தி பையனையும், அவன் கூட்டாளிகள் மூணு பேரையும், கூடவே இந்தப் பத்தியை எழுதுகிற அடியேனையும் வால்பாறை ரோட்டில் கிட்டத்தட்ட காலி பண்ணியிருக்கும்!

அந்த ஒரு விநாடி

அவன் அப்போ கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் ஃபைனல் இயர். வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி ஸ்விஃப்ட் வாங்கியிருந்தான். 2005ல் நம்ம ஊருக்கு வந்ததே, அந்த முதல் தலைமுறை மாடல். வாங்கின மூணாவது மாசமே ஒரு கடையில் விட்டு, பின்பக்க ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டி, காரைத் தாழ்த்திட்டு வந்துட்டான்.

"அண்ணா, சஸ்பென்ஷன் அப்கிரேட் பண்ணிட்டேன். ரேஸ் கார் மாதிரி ஹேண்ட்லிங்!" என்று ஒரே பெருமை. உட்கார்ந்து பார்த்தேன். ரோடு நல்லா இருக்கிற இடத்தில் உண்மையிலேயே விறைப்பாகத்தான் இருந்தது. 'பரவாயில்லையே' என்று நானும் சர்டிஃபிகேட் கொடுத்துத் தொலைச்சேன். (தப்புதான். அதனால்தான் இந்தப் பத்தியில் பிராயச்சித்தம்!)

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒண்ணும் தெரியலை. மறுநாள் சாயங்காலம் இறங்கும்போது சின்னத் தூறல். கார்ல அஞ்சு பேர், டிக்கி நிறையப் பைகள். ரெண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவே கொஞ்சம் நீளமான ஒரு வளைவு. வேகம் 50 கிலோமீட்டர்கூட இருக்காது. வளைவின் நடுவில் ரோட்டில் ஒரு சின்ன மேடு.

'டக்'கென்று பின்னாடி ஒரு அடி. அடுத்த நொடி காரின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பிச்சது. பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கில் வெச்சான். அவ்வளவுதான்... முன்பக்கம் மலையைப் பார்க்க, பின்பக்கம் பள்ளத்தைப் பார்க்க, கார் பாதி வட்டம் போட்டு ஓரத்துத் தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடிச்சபடி வந்து, எங்களைப் பார்த்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி ஏதோ சொன்னார். காதில் விழலை. விழுந்திருந்தாலும் இங்கே எழுத முடியாது!

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனா பொள்ளாச்சி வர்ற வரைக்கும் கார்ல ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

ஸ்பிரிங்கை வெட்டினா என்ன ஆகும்?

மறுநாள் காலையில் காரை நேரா எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனோம். ரேஸ் கார் வேலை தெரிஞ்சவர். (கோயம்புத்தூரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை!) லிஃப்ட்டில் ஏத்தி, டார்ச் அடிச்சுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஸ்பிரிங்கை அறுத்துப் போட்டுட்டு அதுக்கு அப்கிரேடுன்னு பேராக்கும்?"

தம்பி தலையைக் குனிஞ்சான்.

அவர் விளக்கினதை உங்களுக்கும் சொல்றேன். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சுற்று குறையக் குறைய விறைப்பு கூடும். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், விறைப்பு 20 சதவிகிதம் கூடிவிடும். 'நல்லதுதானே' என்று தோணும். வில்லங்கமே அங்கேதான் இருக்கு.

கார் தாழ்ந்துட்டதால், சக்கரம் மேலே போய்வர இருந்த இடம் குறைஞ்சுபோச்சு. அந்தப் பாதையின் கடைசியில் 'பம்ப் ஸ்டாப்' என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். ஸ்பிரிங் முழுசா அமுங்கி உலோகமும் உலோகமும் முட்டாமல் காப்பாத்துறது அதோட வேலை. ஆள் இல்லாத காரில் அதுக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பின்னாடி மூணு பேரும் டிக்கி நிறைய லக்கேஜும் ஏறினால்? தாழ்த்தின காரில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட காலி. வளைவில் கார் சாய்ந்து, கூடவே ஒரு மேட்டிலும் ஏறினால், நேரா ரப்பரில் இடி. அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கே இல்லாத கார் மாதிரிதான். மேட்டின் அடி முழுக்க டயர் மேல விழும். டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளின டயருக்கு ஏது கிரிப்? அந்த 'டக்' சத்தம் இதுதான்!

இன்னொரு ஆபத்தும் இருக்கு. வெட்டின ஸ்பிரிங் குட்டையாகிவிடும். கார் ஒரு பள்ளத்தில் துள்ளி, சக்கரம் முழுசாக் கீழே தொங்கும்போது, ஸ்பிரிங் தன் இருக்கையில் பிடிப்பில்லாமல் ஆடும். சில சமயம் விலகியும் போகும். அதைவிட மோசம், கேஸ் வெல்டிங் டார்ச்சால் சூடாக்கி ஸ்பிரிங்கை 'உட்கார வைக்கிற' வேலை. ஸ்பிரிங் ஸ்டீலுக்குப் பதம் கொடுத்திருப்பாங்க. நெருப்பு காட்டினா அந்தப் பதமே போயிடும். அப்புறம் அது எப்போ தொய்யும், எப்போ உடையும்னு யாருக்கும் தெரியாது.

பின்சக்கரத்துக்கு என்ன வேலை?

நம்மில் நிறைய பேருக்கு ஒரு நினைப்பு. இப்போ வர்ற சின்ன கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. இன்ஜின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி, பிரேக்கில் பெரும்பங்கு முன்னாடி. பின்சக்கரம் சும்மா கூடவே உருண்டு வருதுன்னு நினைப்போம்.

சும்மா இல்லை பாஸ். அம்புக்குப் பின்னாடி இருக்கிற இறகை நினைச்சுப் பாருங்க. அம்பை நேராப் போகவைக்கிறது முனை இல்லை, இறகுதான். முன்சக்கரம் கிரிப்பை விட்டால், கார் நீங்க திருப்பின அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கமாகப் போகும். வேகத்தைக் குறைச்சா பெரும்பாலும் பிடிச்சுக்கும். பின்சக்கரம் கிரிப்பை விட்டால் கார் சுத்தும். அதைச் சமாளிக்க ரேஸ் டிரைவருக்கே வேர்க்கும். அதனால்தான் கம்பெனிக்காரங்க சாதாரண ரோட்டு கார்களை, முன்சக்கரம்தான் முதலில் வழுக்கணும்கிற கணக்கிலேயே வடிவமைக்கிறாங்க.

ஸ்விஃப்ட் மாதிரி கார்களில் பின்னாடி இருக்கிறது 'டார்ஷன் பீம்'. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கை. அந்தக் கைகளின் முன்முனை பெரிய ரப்பர் புஷ் மூலமா பாடியில் மாட்டியிருக்கும். ரெண்டு கைகளையும் குறுக்கே ஒரு உலோகப் பாலம் இணைக்கும். ஒரு சக்கரம் மட்டும் மேலே போனால் அந்தப் பாலம் முறுக்கிக் கொடுக்கும். முறுக்கும்போது எதிர்ப்பும் காட்டும். அதாவது, கார் ஒரு பக்கமா சாய்வதைத் தடுக்கும் 'ஆன்ட்டி-ரோல் பார்' வேலையில் ஒரு பங்கை அந்தப் பாலமே செய்துடுது. எளிமையானது, உறுதியானது, இடமும் அடைக்காது.

விறைப்பு எங்கே, கிரிப் எங்கே?

இப்போ கொஞ்சம் ஃபிஸிக்ஸ். ஓடாதீங்க, ரெண்டே பாராதான்!

வளைவில் திரும்பும்போது காரின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்வது எடை, எடை மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், எவ்வளவு வேகமா திரும்புறீங்க... இவ்வளவுதான். உதாரணத்துக்கு 1,000 கிலோ கார். எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கு, அகலம் 1.5 மீட்டர்னு வெச்சுக்குங்க. புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு விசை வந்தா, சுமார் 180 கிலோ உள்ளேயிருந்து வெளியே மாறும். ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்கினாலும் இந்த 180 பெரிசா மாறாது. மாறப்போவது ஒண்ணே ஒண்ணுதான். அந்த 180ல் முன்சக்கரங்கள் எவ்வளவு சுமக்கும், பின்சக்கரங்கள் எவ்வளவு சுமக்கும் என்கிற பங்கு. எந்தப் பக்கம் விறைப்போ, அந்தப் பக்கத்துக்கு அதிகப் பங்கு.

ரெண்டாவது பாரா டயரைப் பத்தி. டயர் மேல சுமை ரெண்டு மடங்கானா, கிரிப் ரெண்டு மடங்காகாது. அதைவிடக் குறைவாத்தான் கூடும். காலேஜ் ப்ராஜெக்ட் மாதிரி நினைச்சுக்குங்க. ரெண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருத்தன் தலையில் கட்டினா, அவன் ரெண்டு மடங்கு வேலை பார்ப்பானா? மூச்சு முட்டி ஒன்றரை மடங்குதான் பார்ப்பான். இன்னொருத்தன் கேன்டீனில் இருப்பான். நஷ்டம் டீமுக்குத்தான். பின்பக்கம் விறைப்பைக் கூட்டினா, பின் வெளிச்சக்கரத்துக்கு மூச்சு முட்டும், பின் உள்சக்கரம் கேன்டீனுக்குப் போயிடும். மொத்தத்தில் பின்பக்க கிரிப் குறையும்.

இப்போ புரியுதா? 'பின்பக்கத்தை விறைப்பாக்கினா கார் ஸ்டெடியா இருக்கும்' என்பது தப்புக் கணக்கு. கார் சாய்வது குறையும், சரிதான். ஆனா சாயாமல் இருக்கிறதும் கிரிப்போட இருக்கிறதும் ஒண்ணு இல்லை.

ரேஸில் மட்டும் ஏன் அப்படிப் பண்றாங்கன்னு கேட்பீங்க. இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் பார்த்திருந்தா தெரியும். முன்சக்கர இழுவை டூரிங் கார்கள் வளைவில் பின் உள்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கிக்கிட்டே போகும். அது வேண்டுமென்றே செய்த செட்டிங். முன்பக்க கிரிப்பைக் காப்பாத்தி, காரைச் சீக்கிரம் திரும்பவைக்க. ஆனா அங்கே ரோடு மேஜை மாதிரி இருக்கும். வளைவுக்கு வெளியே காலி இடம் இருக்கும். ஓட்டுறவர் அந்த வழுக்கலை எதிர்பார்த்தே ஓட்டுவார். தலையில் ஹெல்மெட், சுற்றிலும் ரோல் கேஜ். நமக்கு? வளைவுக்கு வெளியே பள்ளத்தாக்கு, எதிரே பஸ்!

கூடுதல் ஆன்ட்டி-ரோல் பார் மாட்டுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டா, 'ரெண்டே மில்லிமீட்டர்தானே' என்று தோணும். விறைப்பு 46 சதவிகிதம் கூடியிருக்கும்!

கம்பெனியே சறுக்கின கதை

இது ஏதோ கத்துக்குட்டிப் பசங்க மட்டும் பண்ற தப்புன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவில் செவர்லே கம்பெனி, 1960 மாடலாக 'கோர்வேர்' என்று ஒரு கார் விட்டது. இன்ஜின் பின்னாடி. எடையில் பெரும்பங்கும் பின்னாடி. பின் சஸ்பென்ஷன் 'ஸ்விங் ஆக்ஸில்' வகை. ஆக்ஸிலின் உள்முனையில் மட்டும்தான் மூட்டு. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆக்ஸிலோடு சேர்ந்து சக்கரமும் சாயும். வேகமா வளைச்சா காரின் பின்பக்கம் மேலே எழும்பி, வெளிச்சக்கரம் உள்பக்கமா மடங்கிக்கிற அபாயம் இருந்தது.

இதைச் சமாளிக்க கம்பெனி சொன்ன வழி என்ன தெரியுமா? டயர் காத்து! முன்னாடி 15, பின்னாடி 26 பவுண்டு. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஆனா நாலு டயருக்கும் ஒரே அளவு காத்து அடிச்சே பழகினவங்களுக்கு இது எங்கே தெரியும்? முன்பக்கம் மாட்டியிருக்க வேண்டிய ஆன்ட்டி-ரோல் பாரும் ஆரம்ப வருஷ கார்களில் கிடையாது.

வழக்குகள் குவிந்தன. 1965ல் ரால்ஃப் நேடர் என்ற வக்கீல், எந்த வேகத்தில் போனாலும் ஆபத்துதான் என்று அர்த்தம் வர்ற தலைப்பில் ஒரு புத்தகம் போட்டார். முதல் அத்தியாயமே கோர்வேர்தான். அடுத்த வருஷமே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. (நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 1972ல் வந்த அரசாங்க ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட கோர்வேர் மோசமில்லைன்னு சொன்னது. சண்டை இன்னும் ஓயலை!)

நமக்கு முக்கியம், கம்பெனி அதை எப்படிச் சரிபண்ணுச்சு என்பதுதான். 1964 மாடலில் முன்பக்கம் ஆன்ட்டி-ரோல் பார் வந்தது. பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் போட்டாங்க. அது சுமையைத் தாங்கும், ஆனா கார் சாய்வதை எதிர்க்காது. அதனால் காயில் ஸ்பிரிங்குகளை மென்மையாக்க முடிந்தது. 1965ல் பின் சஸ்பென்ஷனையே புதுசா மாத்திட்டாங்க. கவனிச்சீங்களா? காரின் பின்பக்கத்தை நிலையாக்க, இன்ஜினீயர்கள் முன்பக்கத்தைத்தான் விறைப்பாக்கினாங்க. பின்பக்கத்தை இளக்கினாங்க. நம்ம தம்பி பண்ணினதுக்கு நேர் எதிர்!

சரி, நாம என்ன பண்ணலாம்?

மெக்கானிக் அண்ணன் ஒரு வரிசை போட்டுக் கொடுத்தார். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீங்க. 'அப்கிரேடு' என்ற வார்த்தைக்கு முன்னாடி 'ரிப்பேர்' என்ற வார்த்தை வரணும் என்பது அவர் கொள்கை. பத்து வருஷம் ஓடின காரில், புதுசா இருந்தப்போ இருந்த பின் சஸ்பென்ஷனைத் திரும்பக் கொண்டு வந்தாலே அது பெரிய அப்கிரேடுதான்.

1. டயர்: ரோட்டைத் தொடுறது இது ஒண்ணுதான். டயரின் பள்ளங்களுக்குள்ளே இருக்கிற தேய்மான அடையாளம் 1.6 மி.மீ. அது தொட்டுட்டா டயரை மாத்தியே ஆகணும். மழைக்காலத்துக்கு அதுக்கும் முன்னாடியே மாத்துறது நல்லது. ரெண்டு டயர்தான் வாங்கக் காசு இருக்கா? புதுசு ரெண்டும் பின்னாடி போகணும். 'முன்சக்கரம்தானே இழுக்குது, புதுசை முன்னாடி போடு' என்று நிறைய கடைகளில் சொல்வாங்க. டயர் கம்பெனிகள் சொல்றது இதுக்கு நேர்மாறு. முன்பக்கம் வழுக்கினா ஸ்டியரிங்கில் உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் வழுக்கினா தெரியறதுக்குள்ளே கார் திரும்பியிருக்கும்.

2. காத்து: டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லைன்னா மேனுவலைப் பாருங்க. ஆள் குறைவா இருந்தா ஒரு அளவு, ஃபுல் லோடுக்கு ஒரு அளவு என்று தனித்தனியா போட்டிருந்தா அதன்படியே அடிங்க. டயர் சூடாகும் முன்னாடி அடிக்கணும். பெட்ரோல் பங்க்கில் 'எவ்வளவு சார்?' என்று கேட்டா, 'எல்லாத்துக்கும் ஒரே மாதிரி' என்று சொல்ற பழக்கத்தை இன்னிக்கே விடுங்க. செலவு? சைபர்!

3. ஷாக் அப்சார்பர்: பேர்தான் அப்படி. அடியை வாங்குறது ஸ்பிரிங். வாங்கின ஸ்பிரிங் ஊஞ்சல் ஆடாமல் அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. ஷாக் போயிட்டா ஒவ்வொரு மேட்டுக்கும் சக்கரம் குதிச்சுக்கிட்டே போகும். பின்பக்க மூலையை நல்லா அமுக்கி விட்டுப் பாருங்க. மேலே வந்து நிக்கணும். ரெண்டு மூணு தடவை ஆடினா அது அவுட். நிக்குதுங்கிறதுக்காக நல்லா இருக்குன்னும் முடிவு பண்ணிடாதீங்க. ஆயில் கசிவு இருக்கா, டயர் ஒரு சீரா இல்லாமல் திட்டுத் திட்டாகத் தேய்ஞ்சிருக்கா என்றும் பாருங்க. மாத்தினா ஜோடியாத்தான் மாத்தணும். உங்க மாடலுக்கென்றே செய்த நல்ல கேஸ் ஷாக் போட்டா தாராளமா வித்தியாசம் தெரியும். உள்ளே இருக்கிற நைட்ரஜன் அழுத்தம், மோசமான ரோட்டில் நீண்ட நேரம் ஓட்டினாலும் ஆயில் நுரைக்காமல் பார்த்துக்கும்.

4. பம்ப் ஸ்டாப்: ஷாக் மாத்தும்போது பிய்ஞ்சுபோன பழைய ரப்பரைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசு போடாமலே மூடிடுவாங்க. பக்கத்தில் நின்று பாருங்க. சின்ன ரப்பர்தான், ஆனா எங்க கதையின் வில்லனே அதுதான்னு ஞாபகம் இருக்கட்டும்!

5. பீம் புஷ்: பின் கைகளின் முன்முனையில் இருக்கிற அந்த ரெண்டு ரப்பர் புஷ்ஷும் கிழிஞ்சிருந்தா, நீங்க ஸ்டியரிங்கைத் தொடாமலே பின்பக்கம் தானா லேசா 'திரும்பும்'. ஹைவேயில் லாரியைத் தாண்டும்போது கார் மிதக்குற மாதிரி இருந்தா, முதல் சந்தேகம் இதுமேல வைக்கலாம். மாத்தும்போது ஒரு சூட்சுமம் உண்டு. போல்ட்டைக் கடைசியாக இறுக்குறது, கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நிக்கிற நிலையில்தான் இருக்கணும். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினா, காரை இறக்கினதும் ரப்பர் முறுக்கின நிலையிலேயே இருக்கும். சீக்கிரம் கிழிஞ்சுடும்.

6. அலைன்மென்ட்: நிறைய இடத்தில் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துட்டு பில் போட்டுடுவாங்க. நாலு சக்கரத்துக்கும் அளவு எடுக்கச் சொல்லி, பிரின்ட் அவுட் வாங்குங்க. டார்ஷன் பீம் காரில் பின்சக்கரக் கோணத்தைச் சாதாரணமா அட்ஜஸ்ட் பண்ண முடியாது. அளவு தப்பா இருந்தா, எங்கேயோ இடி வாங்கி பீம் வளைஞ்சிருக்குன்னு சந்தேகப்படணும். சுத்தியலால் தட்டி நிமிர்த்துற வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

7. ஸ்பிரிங்: கடைசியில்தான் இது. பழசு தொய்ஞ்சு ஒரு பக்கம் கார் இறங்கியிருந்தா, கம்பெனி அளவிலேயே புதுசு ஜோடியா போடுங்க. அதுக்கு மேல விறைப்பான ஸ்பிரிங், தடிமனான பார் எல்லாம் முன்பக்கம், பின்பக்கம், ஷாக் மூணையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, டிராக்கில் ஓட்டிப் பார்த்து முடிவு பண்ற விஷயம். பின்பக்கத்தை மட்டும் தனியா பண்றது பாதி மாத்திரை சாப்பிடுற மாதிரி.

சட்டம் என்ன சொல்லுது?

'அதெல்லாம் யார் பார்க்கப் போறா?' என்று கேட்கிற ஆசாமியா நீங்க? 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவைச் சுட்டிக் காட்டித் தீர்ப்பு சொல்லியிருக்கு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம். விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ்காரங்களும் முதல்ல வண்டிக்குக் கீழேதான் குனிவாங்க. தேய்ஞ்ச பாகத்துக்குப் பதில் அதே அளவில் புதுப் பாகம் போடுறதில் இந்த வம்பு எதுவும் இல்லை.

ஓட்டுற விதமும் ஒரு அப்கிரேடுதான்!

தம்பி அன்னிக்குப் பண்ணின ரெண்டாவது தப்பை விட்டுட்டேனே! வளைவின் நடுவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிரேக் போட்டான் இல்லையா? அப்போ எடை முன்னாடி பாயும். ஏற்கெனவே திணறிக்கிட்டிருக்கிற பின்சக்கரம் இன்னும் லேசாகும். மிச்சம் இருக்கிற கிரிப்பும் போயிடும். வேகத்தைக் குறைக்கிறதெல்லாம் வளைவுக்கு முன்னாடி, நேர் ரோட்டிலேயே முடிச்சுடணும். வளைவுக்குள்ளே கால் பதறாமல் இருக்கணும். எவ்வளவு விலை உயர்ந்த சஸ்பென்ஷனும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

சரி, அந்த ஸ்விஃப்ட் என்ன ஆச்சு? கம்பெனி அளவில் புது ஸ்பிரிங், ஒரு ஜோடி கேஸ் ஷாக், பம்ப் ஸ்டாப், பீம் புஷ், பின்னாடி ரெண்டு புது டயர். பில்லைப் பார்த்த தம்பி, "அண்ணா, அலாய் வீலுக்கே இதைவிட ஜாஸ்தி ஆச்சே..." என்று தலையைச் சொறிஞ்சான்.

ரெண்டு மாசம் கழிச்சு, அதே ரோடு. அதே மாதிரி தூறல். அதே வளைவு. அந்த மேடும் அப்படியேதான் இருந்தது. கார் லேசாச் சாய்ஞ்சது, மேட்டில் ஏறி இறங்கியது, கோடு மாறாமல் போய்க்கிட்டே இருந்தது. அவ்வளவுதான். சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமே நடக்கலை.

"அண்ணா, ஒண்ணுமே தெரியலையே!" என்றான்.

"அதுக்குத்தான்டா காசு கொடுத்தோம்!" என்றேன்.

உங்க காரின் பின்பக்க மூலையை இன்னிக்கு ஒருதரம் அமுக்கிப் பாருங்க. எத்தனை தடவை ஆடுதுன்னு எண்ணுங்க. ஒண்ணுக்கு மேல போச்சுன்னா, ஸ்டீரியோ வாங்க வெச்சிருக்கிற காசு எங்கே போகணும்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த வாரம், 'எல்லா பிரேக்கும் ஒரே பிரேக்தான்' என்று சொல்றவங்களை ஒரு பிடி பிடிக்கலாம். அதுவரைக்கும்... வளைவுக்கு முன்னாடியே ஸ்லோ பண்ணுங்க பாஸ்!